இரண்டு குழாயிலும் நீலம்

தோழி,

இன்று காலை ஆய்வுகூடத்தில் சோதனைக்குழாய் ஒன்றில் நீலம் ஏறுவதைக் கண்டதும் கையில் வேலை ஓடவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கிரான் வட்டையில், உப்பேறிய வயலிலும் பச்சையாக நின்ற பயிரை இருவரும் சேற்றில் இறங்கிப் பிடுங்கினோம். அதன் வேருக்குள் வாழ்ந்த பூஞ்சணமான பங்கசை நீ பிரித்தெடுத்தாய். அது வேரில் எங்கெல்லாம் பரவுகிறது என்று காண, பற்றீரியாவின் பரம்பரையலகு ஒன்றை அதற்குள் செலுத்தினாய். அந்த அலகு உண்டாக்கும் நொதியம் நிறமற்ற சாயப்பொருளை நீலமாக்கும். நீலம் தெரிந்த இடமெல்லாம் உன் பங்கசு. வேர் முழுக்க நீலமானபோது நீ அழுதாய், நான் சிரித்தேன்.

பிறகு நீ நோயில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாய். மிச்ச வேலை என்னிடம் வந்தது. எதுவும் செலுத்தாத பங்கசையும் சாயத்தில் இட்டு ஒப்பிட வேண்டியிருந்தது. இட்டேன். அதுவும் நீலமானது. அதே வேலையைச் செய்யும் நொதியம் அதனிடம் இயல்பாகவே இருந்திருக்கிறது. நீ கண்ட நீலம் எதனுடையது என்று இனிச் சொல்ல முடியாது.

உன் கட்டிலருகே நான் இருந்தபோது, ஒப்பிட்டது என்னவாயிற்று என்று நீயே கேட்டாய். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொன்னதைக் கேட்டு முகட்டைப் பார்த்தாய்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஒண்டையும் காணல்லையா?"

நான் போக எழுந்தபோது கையைப் பிடித்தாய்.

"சூடாக்கிப் பாருகா. அதுட சொந்த நொதியம் சூட்டுல செத்துரும். நான் வச்சது தாங்கும்."

அந்த வழி எனக்கும் தெரியாததல்ல. அதைச் செய்து பார்த்த பிறகு உன்னிடம் வந்திருக்கலாம். அந்தப் பொறுமை எனக்கு இல்லாமற் போயிற்று.

சூட்டின் அளவு பலமுறை தவறியது. கடைசியில் செலுத்தாத பங்கசு நிறமின்றிக் கிடந்தது. உன்னுடையது மட்டும் நீலமாயிற்று. நீ சொன்னதே சரி. ஓடிப்போய்ப் போன் எடுத்தேன். உன் தம்பி பேசினான்.

"ராத்தா மௌத்தாகிட்டா."

நீ இறந்து போயிருந்தாய். நான் போன் எடுத்தது என்ன விசயம் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

கொஞ்ச நாள் கழித்து ஏறாவூருக்குப் போய், உன் உழைப்பு வீண்போகவில்லை என்று உன் உம்மாவிடம் சொன்னேன். பங்கசும் நொதியமும் அவருக்கு விளங்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"எண்ட புள்ளைக்கு இது தெரியுமா?"

"ஓம் உம்மா, தெரிஞ்சுதான் போனா."

உன்னிடம் சொல்ல வராத பொய் அவரிடம் எவ்வளவு சுளுவாக வந்தது. அவர் முகம் தெளிந்தது. இன்றும் பெருநாள்தோறும் எனக்கு வட்டிலப்பம் செய்து கொடுத்தனுப்புகிறார். வாங்காமலிருக்கவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் துணிவில்லை.