மணமேடையில் வாங்கிய மக்ரோனித் தட்டு

அன்புள்ள அண்ணன் அகரனுக்கு,

வரிச்சிக்குடியிலிருந்து தங்கை எழில்மதி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, போன வாரம் கன்று போட்ட சிவப்பி எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே எல்லையில், ராணுவ முகாமின் பனியில் உன் விரல்கள் இருபதும் மரத்துப் போகாமல் நீயும் நன்றாக இருக்க வேண்டும். எத்தனையோ வருடமாக அம்மா சொல்லச் சொல்ல உனக்குக் கடிதம் எழுதுகிறேன், அதனால் எனக்கும் அம்மா மாதிரியேதான் ஆரம்பிக்க வருகிறது. ஆனால் இது அம்மா சொல்லி எழுதுவது இல்லை. சமையல்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, வேதியியல் நோட்டில் நடுப்பக்கத்தைக் கிழித்து எழுதுகிறேன். யாராவது வந்தால் நோட்டை மூடிக்கொண்டு சமன்பாடு ஒப்பிப்பதாக ஏற்பாடு. மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இதோடு இன்னொரு கடிதமும் உனக்கு வரும். அது இன்று சாயங்காலம் அம்மா சொல்ல நான் எழுதி, அப்பா படித்துப் பார்த்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியது. அதில் எனக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகவும், தை மாதம் இருபதாம் தேதி நிச்சயம் என்றும், உன் சம்மதத்தை எழுதி அனுப்பும்படியும் இருக்கும். கடைசியில் 'தங்கைக்கும் இதில் பூரண சம்மதம்' என்று ஒரு வரி வரும். அது என் கையெழுத்துதான் அண்ணா, ஆனால் என் சம்மதம் இல்லை. அப்பா தலைக்கு மேல் நின்றுகொண்டு "எழுது" என்றார், எழுதினேன். வழக்கமாக எல்லாக் கடிதத்திலும் கடைசியில் அம்மா தன் கையாலேயே 'செல்லம்' என்று பெயரை எழுதுவாள் அல்லவா, அதில் அது இருக்காது. "கை மாவா இருக்கு, அப்புறமா போடுறேன்" என்றாள். அப்பா காத்திருக்காமல் ஒட்டிவிட்டார்.

இந்தச் சம்பந்தம் எப்படி வந்தது என்று அந்தக் கடிதத்தில் இருக்காது. நான் சொல்கிறேன், கேட்டால் சிரிப்பாய். காரைக்காலில் கடற்கரைக்குப் போகிற வழியில் பழைய கல்யாண மண்டபம் ஒன்று உண்டே, உனக்குக் காது குத்திய இடம், அதை இப்போது இத்தாலிச் சாப்பாட்டுச் சந்தையாக மாற்றிவிட்டார்கள். நீலகண்டன் என்று ஒருவர், பிரெஞ்சு நேஷனாலிட்டி, அதாவது அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தவர், பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ இத்தாலிக்காரன் ஓட்டலில் முப்பது வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து திறந்திருக்கிறார். ஐப்பசியில் திறப்பு விழா. ஊர் ஊராக நோட்டீஸ் கொடுத்தார்கள், வயல்காரர்கள் குடும்பத்தோடு வர வேண்டும், உங்கள் விளைச்சலை வாங்கப்போகிறோம் என்று. அப்பா அதை நம்பி, இஸ்திரி போட்ட வேட்டியோடு எங்களையும் கபீர் பாய் ஆட்டோவில் ஏற்றினார். அப்பாதான் எதற்கும் ஒரு மணி நேரம் முன்னாடியே போகிறவராயிற்றே. நாங்கள் போனபோது வாசலில் கோலத்தின் ஈரம்கூடக் காயவில்லை, எங்களைத் தவிர வேறு ஒரு குடும்பமும் இல்லை.

உள்ளே நுழைந்ததும் ஒரு நாற்றம். புளித்த மோரில் ஈரத் துணியை ஊறப்போட்டு மறந்த மாதிரி. அதுதான் சீஸாம். தேர்ச்சக்கரம் அளவுக்கு ஒன்றை நடுவில் வைத்து, அதற்கு மேலே விளக்குப் போட்டு, ஒருவன் வெள்ளைக் கையுறையோடு காவல் நிற்கிறான். பக்கத்தில் போனோம், நகத்தளவுக்குச் சீவிக் கொடுத்தான். வாயில் போட்ட அம்மா முந்தானையில் துப்பிக்கொண்டாள். சந்தை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சந்தை என்றால் ஒரு சத்தம் வேண்டாமா? விலை கேட்கக்கூடாது, கையால் தொடக்கூடாது, தக்காளியைத் தொட்டில் பிள்ளை மாதிரி வைக்கோல் மேல் படுக்கவைத்துப் பெயர் எழுதி மாட்டியிருக்கிறார்கள். அது நம் பக்கத்து ஊர் நெரவித் தக்காளிதான், காலையில் மார்க்கெட்டில் வாங்கியது, கூடையில் மண்கூட ஒட்டியிருந்தது. ஒரு இடத்தில் சின்னச் சின்னத் தொட்டியில் செடி வைத்து, இத்தாலி மூலிகை என்று எழுதியிருந்தது. அம்மா ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்து, "இது நம்ம வேலியில மொளைக்கிற திருநீத்துப் பச்சை மாதிரில்ல இருக்கு" என்று எல்லோரும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். அங்கே நின்ற பெண், நம்ம ஊர்ப் பெண்தான், தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, இது பேசில்" என்றாள். "பேரு மாத்தினா வாசனை மாறிடுமா தங்கச்சி" என்று அம்மா கேட்டதும் அவள் தொட்டியை எடுத்து அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தச் சோற்றை நான் மறக்கமாட்டேன். உட்காரவைத்து, வெள்ளைத் தட்டின் நடுவில் ஒரு கரண்டி, குழைந்த மாதிரி ஒன்றை வைத்தார்கள். வாயில் போட்டால் மேலே பசை, உள்ளே அரிசி நறுக்கென்று கடிபடுகிறது. வேகவே இல்லை. இத்தாலியில் இப்படித்தான் அரைவேக்காட்டில் சாப்பிட வேண்டுமாம், நீலகண்டன் பக்கத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அண்ணா, நம் அப்பா, வீட்டில் சோற்றில் ஒரு பருக்கை விறைத்திருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறவர், இருபது வயதிலிருந்து நெல்லைத் தவிர வேறொன்று தெரியாதவர், அந்த வேகாத அரிசியை மென்று முழுங்கிவிட்டு, "ரொம்ப நல்லாருக்குங்க" என்றார். சட்டைப் பையில் வைத்திருந்த சம்பா நெல் பொட்டலத்தை எடுத்துக் காட்டக்கூட இல்லை. அந்த மனிதரின் கோட்டையும் கைக்கடிகாரத்தையும் பார்த்ததும் அப்பாவுக்கு வாய் போய்விட்டது. எனக்கு அந்த இடத்திலேயே அவர்கள் எல்லோர் மேலேயும் வெறுப்பாக இருந்தது, கொஞ்சம் அப்பா மேலேயும்.

அதற்கப்புறம்தான் வினை. பழைய மணமேடையை அவர்கள் இடிக்கவில்லை. அதன் மேலேயே பீட்சா அடுப்பைக் கட்டி வைத்திருக்கிறார்கள், பின்னால் சுவரில் அந்தக் காலத்துச் சரிகைத் தோரணம்கூட அப்படியே இருக்கிறது. நீலகண்டனின் மனைவி சௌந்தரவல்லி எங்களை மேடைக்குக் கூப்பிட்டார். வேலைப்பாடு செய்து, ஓரத்தில் கடைப் பெயர் செதுக்கிய ஒரு மரத்தட்டு. அதில் மக்ரோனிப் பொட்டலம், குட்டி பாட்டிலில் ஆலிவ் எண்ணெய், எலுமிச்சம்பழம், திறப்பு விழா மங்கலமாக இருக்கட்டும் என்று வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம். "குடும்பத்தோட வந்ததுக்கு ரொம்ப சந்தோசங்க, வாங்கிக்குங்க" என்று நீட்டினார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கையாலும் வாங்கினார். போட்டோ எடுத்து அப்பா போனுக்கும் அனுப்பினார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்து, "பொண்ணா? லட்சணமா இருக்கா. என்ன படிக்கிறா?" என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. அதைத் தாண்டி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் மேடை, வெற்றிலை பாக்கு வைத்த தட்டு, பெண்ணைப் பற்றிய கேள்வி மூன்றும் சேர்ந்ததும் அப்பா மனதில் கெட்டிமேளமே கொட்டிவிட்டது. திரும்பி வரும்போது ஆட்டோவில் தட்டை மடியில் வைத்து எலுமிச்சம்பழம் உருளாமல் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அம்மாவிடம், "நேஷனாலிட்டி குடும்பம், தானா வந்து தட்டு குடுத்திருக்கு, பாத்தியா" என்றார். மறுநாளே டீக்கடையில் போட்டோவைக் காட்டியாயிற்று, பங்காளி வீடுகளுக்கும் சொல்லியாயிற்று.

அந்த மக்ரோனியை அம்மா கடுகு, கறிவேப்பிலை தாளித்துச் சேமியா உப்புமா மாதிரி கிண்டினாள். யாராலும் விழுங்க முடியவில்லை. சிவப்பிக்கு வைத்தோம், அது மோந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்னும் அதன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அப்பா மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு தனியாக அங்கே போனார், தட்டுக்குத் தட்டு என்று. அவர்கள் முதலில் முழித்திருப்பார்கள். அப்புறம் யோசித்திருக்கிறார்கள். நவநீதன் என்று அவர்களுக்கு ஒரு மகன், பிரான்சில் இருக்கிறாராம், முப்பத்தொரு வயது. நான் போட்டோகூடப் பார்க்கவில்லை. சௌந்தரவல்லி அம்மா போன் ஸ்பீக்கரில் அப்பாவிடம் பேசியதை நானே கேட்டேன். "உங்க பொண்ணுக்கும் நேஷனாலிட்டி எடுத்துரலாங்க. ஆனா கல்யாணத்துக்கப்புறம் ரெண்டு வருசம் இங்க எங்களோட இருக்கட்டும். கடையில வெளியாள நம்பிக் கல்லாவுல உக்கார வைக்க முடியல" என்றார். அது பெண் கேட்கிற பேச்சா, வேலைக்கு ஆள் எடுக்கிற பேச்சா, நீயே சொல். அப்பா அதற்கும், "அதுக்கென்னங்க, உங்க வீட்டுப் பொண்ணு" என்றார். எனக்குப் பதினெட்டு முடிவது பங்குனியில், அதுவரைக்கும் பொறுத்து வைகாசியில் கல்யாணமாம். தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, வேகாத சோற்றை நல்ல சோறு என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டு நான் நிற்க வேண்டுமாம். விவசாயப் படிப்புக்கு என்னைச் சேர்ப்பதாக நீ சொன்னதை நினைத்துக்கொண்டுதான் ராத்திரியெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் வேண்டாம் என்று ஒரே ஒரு முறை சொன்னேன். அப்பா அடிக்கவில்லை, கத்தவில்லை. "மேடையில வச்சுத் தட்டு வாங்குனவன் நான். இனிமே மாத்திப் பேசினா நான் மனுசனா? இதுக்கு மேல பேசுறதா இருந்தா நாளைலேருந்து பள்ளிக்கூடம் வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குப் பயம். பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை, பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டால் நான் என்ன செய்வேன்?

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். நேற்று இயற்பியல் நோட்டு வாங்க நெரவிக்கு வினோதா வீட்டுக்குப் போனேன், என் வகுப்புதான், உனக்குத் தெரியும். தண்ணீர் குடிக்கப் போனால் அவர்கள் வீட்டுக் குடத்துக்கு மூடி அதே மரத்தட்டு. அதே வேலைப்பாடு, ஓரத்தில் அதே கடைப் பெயர். அவள் அம்மாவிடம் கேட்டேன். "அந்த மக்ரோனிக் கடையில குடுத்ததுடி. தெறப்பு விழாவுக்கு மொதல்ல வந்த அம்பது குடும்பத்துக்கும் குடுத்தாங்க, மேடையில ஏத்திப் போட்டோவும் புடிச்சாங்க. வெத்தல பாக்கெல்லாம் வச்சிருந்தாங்களே" என்றார். இன்று காலையில் கபீர் பாயிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். எங்களை வீட்டில் விட்டுவிட்டு அவரும் பட்டினத்தில் இருக்கிற தன் வீட்டிலிருந்து குடும்பத்தை அழைத்துக்கொண்டு அங்கே போயிருக்கிறார். "ஆமா புள்ள, எங்க வூட்லயும் கெடக்கு, பேத்தி அதுல வச்சுத்தான் திங்கிறா" என்றார். அண்ணா, அப்பா முதல் ஆளாகப் போய் முதல் ஆளாகத் திரும்பியதால் மற்றவர்கள் வாங்கியதைப் பார்க்கவில்லை, நம் ஊரிலிருந்து வேறு யாரும் போகாததால் டீக்கடையிலும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மேடையில் கொடுத்ததாக அவர் நினைக்கிற வாக்கு, அங்கே கொடுக்கவே இல்லை; அதற்கப்புறம் போனில் தலையாட்டியதெல்லாம் அதை நம்பித்தான். அன்றைக்கு அந்த மேடையில் ஐம்பது பேர் தட்டு வாங்கியிருக்கிறார்கள்.

இதை நான் அப்பாவிடம் சொல்ல முடியாது. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார், நான் சொன்னால் என் முகத்தில் அவர் மறுபடி முழிக்கமாட்டார். கபீர் பாய் சொன்னால் இன்னும் அவமானம். நீ சொன்னால் கேட்பார். நீ கோபப்பட்டு எழுதாதே, அவரைக் கேலி செய்து எழுதாதே, நான் செய்த கேலியே போதும். 'அன்றைக்கு அந்தத் தட்டை வேறு யாருக்கெல்லாம் கொடுத்தார்கள் என்று விசாரித்தீர்களா அப்பா?' என்று ஒரே ஒரு கேள்வி எழுது. உனக்கே தோன்றியது போல எழுது. அவரே போய் விசாரிக்கட்டும், அவரே வந்து வேண்டாம் என்று சொல்லட்டும். அது அவர் முடிவாக இருக்கட்டும். ஆனால் உன் கடிதம் தை பிறப்பதற்குள் அவர் கைக்கு வந்துவிட வேண்டும். உன் முகாமுக்குப் போன் போகாது என்பதால்தான் இத்தனையும் எழுதுகிறேன். நாளைக் காலையில் வினோதா இதைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பெட்டியில் போடுவாள்.

இவ்வளவும் எழுதி முடித்தபோது அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்துவிட்டாள். நோட்டை மூட முடியவில்லை, சமன்பாடும் வாயில் வரவில்லை. "யாருக்குடி?" என்றாள். அண்ணனுக்கு என்றேன். அம்மாவுக்குத் தன் பெயரைத் தவிர எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் தாளை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம், "சாயங்காலம் எழுதினதுல நான் சொன்னது இருக்கு. இதுல நீ சொல்றது இருக்கா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். "சரி, ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு சாக்ஸ் போட்டுக்கச் சொல்லு, ஈர பூட்சோட படுக்க வேணாம்னு எழுது. நல்லாயிருப்பான், எந்தக் கொறையும் வராதுன்னு நான் சொன்னேன்னு போடு" என்றாள். போட்டுவிட்டேன். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்னிடமிருந்து பேனாவை வாங்கினாள்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
எழில்மதி

செல்லம்