வெனிலா என்று சொன்னேன்

4 நவம்பர் 1996, திங்கள்

சளி விட்டு ஒன்பது நாளாகிவிட்டது. மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை.

காலை பதினொன்றுக்கு மாதிரி அறையில் முதல் கிளாஸின் மூடியை எடுத்தேன். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த மால்ட் விஸ்கி. ஒன்றுமே இல்லை. மறுபடி முகர்ந்தேன். மூக்குக்குள் லேசாக எரிந்தது, அவ்வளவுதான். கூட முகர்கிற மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வடிசாலையில் தலைமை மூக்கு முதலில் சொல்லும், மற்றவர்கள் பிறகு. பதினான்கு வருடமாக அந்த மூக்கு நான்தான்.

"வெனிலா. பேரிக்காய். கடைசியில கொஞ்சம் தேன்," என்றேன்.

அமெரிக்க போர்பன் விஸ்கி ஊறிய பழைய பீப்பாயில் பத்து வருடம் கிடந்தது வேறு எப்படி இருக்கும்? விஸ்கியே தொடாதவர்கள்கூட முகம் சுளிக்காமல் குடிக்கிற சரக்கு இது. எல்லோரும் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்கள்.

5 நவம்பர், செவ்வாய்

வீட்டில் காபித்தூள், வினிகர், மண்ணெண்ணெய் எல்லாம் முகர்ந்தாயிற்று. இல்லை. சாயங்காலம் திடலில் வருஷா வருஷம் மூட்டுகிற நெருப்பு. புகையில் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. வாசனை வரவில்லை.

"சுட்ட கிழங்கு வாசம் ஊரையே தூக்குது பாரு இஷ்பெல்!" என்றாள் பக்கத்து வீட்டு எல்ஸ்பெத். சிரித்து வைத்தேன்.

6 நவம்பர், புதன்

டாக்டர் சொன்னது: "சிலருக்குத் திரும்ப வரும். சிலருக்கு வராது."

7 நவம்பர், வியாழன்

வரும் திங்களன்று, நாங்கள் முகர்ந்து பார்க்கிற அறுபத்திரண்டு பீப்பாயும் ஒரே தொட்டியில் இறங்குகின்றன. ஒன்று கெட்டிருந்தாலும் தொட்டியே பாழ். பதினோரு மாதம் விற்க வேண்டிய சரக்கு. நான் பாட்டுக்கு வெனிலா, வெனிலா என்று அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் மற்ற மூன்று பேருக்கும் மூக்கு இருக்கிறதே. அவர்களில் கிடங்குக்காரர் மர்டோ டல்லக் முப்பது வருடம் பீப்பாய்களோடு வாழ்ந்தவர். கெட்டது வந்தால் அவர் சொல்லிவிடுவார்.

சொல்லுவார்தானே?

8 நவம்பர், வெள்ளி

சோதித்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

வசந்தத்தில் நாங்களே தள்ளி வைத்த பீப்பாய் ஒன்றின் மாதிரி அலமாரியில் இருந்தது. பூசணம் பிடித்தது. அதை இன்றைய கிளாஸ்களில் ஊற்றி வைத்தேன். முகர்வதுபோல் முகர்ந்துவிட்டு, "வெனிலா, பேரிக்காய்," என்றேன்.

மர்டோ கிளாஸை மூக்கிலிருந்து எடுத்தார். மறுபடி வைத்தார். என்னைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "வெனிலாதான்."

மற்ற இருவரும் அதையே சொன்னார்கள்.

கழிவறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்த அறையில் நான்கு மூக்கு என்று நினைத்திருந்தேன். ஒன்றுகூட இல்லை.

9 நவம்பர், சனி

சொன்னால் வேலை போகும். ஐம்பத்தொரு வயதில் எனக்கு வேறென்ன தெரியும்? பயமாயிருக்கு. ரொம்பப் பயமாயிருக்கு.

10 நவம்பர், ஞாயிறு

சர்ச் முடிந்து நேரே மேலாளர் ரோனா வீட்டுக்குப் போனேன். சமையலறையில் டர்னிப் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொன்னேன்.

"எத்தனை நாளா இப்படி வெனிலான்னு அனுப்புற?"

"முழுசா ஒரு வாரம்."

"அடிப்பாவி! நாளைக்குத் தொட்டியில இறங்குதே!"

ஈரக் கையோடு போய் போனை எடுத்தாள். அவள் திட்டியது எதுவும் காதில் ஏறவில்லை. தொட்டியை நிறுத்தச் சொன்னது மட்டும் ஏறியது.

15 நவம்பர், வெள்ளி

வேலை போகவில்லை. மாதிரி அறை போய்விட்டது. வெளியே மேசை போட்டு லேபிள் எழுதுகிறேன்.

அறுபத்திரண்டையும் மறுபடி முகர்ந்தார்கள். இப்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தனித்தனியாக எழுதி, ஒன்றாகக் காட்ட வேண்டும். நான் வெனிலா என்று அனுப்பியதில் இரண்டு பூசணம்.

சாப்பாட்டு வேளையில் மர்டோ வந்து மேசையருகே நின்றார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டேயிருந்தார்.

"அன்னிக்கு அந்த கிளாஸ்ல பூசண வாடை எனக்கு நல்லாவே தெரிஞ்சுது இஷ்பெல். நீங்க வெனிலான்னீங்க. சரி, என் மூக்கு போயிடுச்சு போலன்னு நெனச்சேன். ரெண்டு நாள் சோறு எறங்கல. பொண்டாட்டிகிட்டகூட சொல்லல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டேன்.