செம்பருத்திக்குத் தொட்டி மாற்றிய ஞாயிறு

அன்புள்ள மருமகளுக்கு,

விவாகரத்து ஆன பிறகும் இப்படிக் கூப்பிடலாமா என்று யோசித்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நாலாவது தாளிலும் கை அதையேதான் எழுதியது. இருந்துவிட்டுப் போகட்டும். நீ நலமா? புது வேலையில் மதியம் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே குளிர் ஒருவழியாக விட்டுவிட்டது. பால்கனியில் நீ விட்டுப்போன பதினோரு தொட்டிகளில் பத்து பிழைத்துவிட்டன. புதினா மட்டும் போய்விட்டது. நான்தான் தண்ணீர் ஊற்றி ஊற்றியே கொன்றேன். மல்லிகையில் மாவுப்பூச்சி, சோப்புத் தண்ணீர் அடித்திருக்கிறேன். ரோஜாவைக் கவாத்து பண்ணியாயிற்று. எதைக் கொண்டு தெரியுமா? என் துணிக் கத்தரியைக் கொண்டு! அதை வைத்து நீ ஒரு தபால் உறையைப் பிரித்ததற்கு இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தவள் நான். சிரிக்காதே.

போன ஞாயிறு என் பிள்ளை வந்திருந்தான். பால்கனியைப் பார்த்ததும், "எதுக்கும்மா இந்தக் காடு? யாராவது கேட்டா குடுத்துடு" என்றான். "வாயை மூடிக்கிட்டு இந்தச் செம்பருத்தியைப் பிடிடா" என்றேன். அதற்குத் தொட்டி போதவில்லை. அடி ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்தது. நான் தொட்டியைப் பிடித்துக்கொள்ள, அவன் தண்டைப் பிடித்து இழுக்க, செடி கையோடு வந்து, அவன் தொப்பென்று தரையில் உட்கார்ந்தான். மடியில் செடி, மூக்கெல்லாம் மண். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

பெரிய தொட்டியில் புது மண் போட்டு அழுத்தும்போது, "அவ இதுக்கு எவ்ளோ தண்ணி ஊத்துவா?" என்று மெதுவாகக் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. "நீயே எழுதிக் கேளேன்" என்றேன். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

பயப்படாதே, உங்களைச் சேர்த்துவைக்க நான் இதை எழுதவில்லை. முடிந்தது முடிந்ததுதான். அவனோடு நீ பட்ட பாட்டையெல்லாம் பக்கத்து அறையில் இருந்து கேட்டவள் நான். கேட்டும் கேட்காதவள் போல இருந்துவிட்டேன். நீ கிளம்பிய அன்று, உன் சாமான்களை வண்டியில் ஏற்றி முடிக்கும்வரை தையல் மெஷினை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை. அவசரத் தையல் போல என்று நினைத்திருப்பாய். ஊசியில் நூலே இல்லையம்மா. வெறும் மெஷினைத்தான் மிதித்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேனோ என்று பயம். அன்றைக்கு வந்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

செம்பருத்திக்கு எவ்வளவு தண்ணீர் என்று எழுது. ஒரு நாள் நேரில் வந்து காட்டினால் இன்னும் நல்லது. அவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருகிறான். மற்ற ஆறு நாளும் நான் தனியாகத்தான் இருக்கிறேன்.

இன்னொன்று. வாசல் சாவியைத் தபாலில் திருப்பி அனுப்பச் சொல்லி உனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறானாமே. அனுப்பாதே. வீடு என்னுடையது.

எங்கே இருந்தாலும் மனம் குளிர்ந்து இரு, கண்ணே.

உன் அத்தை