ரோகிணிக்கு வெட்டிய கேக்

4 மார்ச், திங்கள்

எங்கள் டயாலிசிஸ் சென்டரின் சாப்பாட்டு அறைச் சுவரில் மேனேஜர் ராஜன் ஒரு படம் ஒட்டியிருக்கிறார். சிரித்த முகங்கள், கீழே ‘நாம் ஒரே குடும்பம்’. அதன் அடியிலேயே நின்றுகொண்டு ரோகிணிக்கு லீவு கிடையாது என்றார். பந்திங் ஊரில் அவள் அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன். பக்கத்தில் இருக்க வேறு யாருமில்லை.

“நீ போயிட்டா மிஷினை நானா ஓட்டுவேன்?”

கிள்ளான் முழுக்கத் தேடினாலும் இவளைப் போல வலிக்காமல் ஊசி குத்தும் டயாலிசிஸ் நர்ஸ் கிடைக்கமாட்டாள். குடும்பமாம்.

7 மார்ச், வியாழன்

ரோகிணி ராஜினாமா கொடுத்துவிட்டாள். கொடுக்க மறுத்த லீவை இப்போது நோட்டீஸ் நாட்களில் கழித்துக்கொண்டு சீக்கிரமே போகலாமாம். என்ன நியாயம் இது?

15 மார்ச், வெள்ளி

ரோகிணிக்கு இன்று கடைசி நாள், கேக் வெட்டினார்கள். படம் எடுக்க வேண்டும், சிரியுங்கள் என்றார் ராஜன். புதிதாகச் சேர்ந்த ஹாஜிராவுக்கு நோன்பு. இன்னொரு நர்ஸ் தாமரைக்கும் எனக்கும் நோன்பில்லை, நாங்களும் தொடவில்லை.

“போறவங்க போகட்டும்லா. ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போட்டா நாளைக்கே ஆள் வரும்” — ரோகிணியின் காதுபடத்தான் சொன்னார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு “வரேன் வாணிக்கா” என்றாள். அவ்வளவுதான்.

20 மார்ச், புதன்



டயாலிசிஸுக்கு வரும் சபாபதி அங்கிளுக்கு ஊசி குத்தும்போது நரம்பு நழுவும். எப்போதும் ரோகிணிதான் குத்துவாள். இன்று ராஜன் ஹாஜிராவை அனுப்பினார். நான் வேறு நோயாளியிடம் இருந்தேன். “கொஞ்சம் பொறுங்க, நான் வரேன்” என்றேன். டைம் இல்லை என்றார். ஊசி நரம்பைத் துளைத்து மறுபக்கம் போய்விட்டது. கை வீங்கிக் கறுத்தது. ஓடிப்போய் அழுத்திப் பிடித்தேன். அங்கிள் வலி தாங்காமல் என் தோளைப் பற்றிக்கொண்டார். டயாலிசிஸ் நடக்கவில்லை; ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

பிறகு எல்லா நோயாளிகளின் முன்னாலும் ராஜன் ஹாஜிராவிடம் கத்தினார். “நர்ஸிங் படிச்சியா, மாடு மேய்ச்சியா?” நோன்பு வாயோடு அந்தப் பிள்ளை நிற்கிறது.

“அவள ஏன் திட்டுறீங்க? ரோகிணிய வெரட்டினது யாரு?” என்றேன்.

“நீங்களும் போலாம் வாணி. கதவு தெறந்துதான் இருக்கு.”

போறேன்டா. ஆனா சும்மா போகமாட்டேன்.

ஹாஜிரா கழிவறையில் அழுதாள். “நாளையிலேர்ந்து வரலக்கா.” ஒரு வாரம் பொறு என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன்?

22 மார்ச், வெள்ளி

வேலை முடிந்ததும் தாமரையும் நானும் ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். முதலாளி டாக்டர் தங்கமணியின் கிளினிக் அங்கேதான்.

“ராஜன் நல்லா நடத்துறார்னு நெனச்சேனே. பிறந்தநாள் படமெல்லாம் அனுப்புறார்” என்றார் அந்த அம்மா.

“போன வருசப் படத்த எடுங்க டாக்டர். அதுல இருக்கிறவங்கள்ல இப்ப யாரு இருக்கா?”

போனில் தேடி எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக விரலால் தொட்டு எண்ணினார். பிறகு என்ன வேண்டும் என்று கேட்டார்.

“ஷிஃப்ட நாங்களே போட்டுக்கிறோம். நோயாளி முன்னால யாரும் யாரையும் திட்டக்கூடாது. வீட்டுல அவசரம்னா லீவு. முடியாதுன்னா சொல்லுங்க, எல்லாரும் கெளம்பிடுறோம்.”

“கேக்கும் வேணாம்” என்றாள் தாமரை.

யோசிக்கிறேன் என்றார். யோசிக்கட்டும். எனக்கு நம்பிக்கையில்லை.

3 ஏப்ரல், புதன்

கேட்டதற்கெல்லாம் சம்மதித்துவிட்டார். ஷிஃப்ட் போடும் வேலை என் தலையில். ராஜனைக் காஜாங் கிளைக்கு மாற்றிவிட்டார்கள் — பதவி உயர்வோடு. அங்கே இருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? சந்தோஷப்பட வேண்டிய நாள்.

12 ஏப்ரல், வெள்ளி

ரோகிணிக்குப் போன் செய்தேன். ராஜன் போயாச்சு, திரும்பி வா என்றேன்.

“இல்லக்கா. இங்க புது வேலையில சேந்த மறுவாரமே அம்மாவுக்கு செக்கப். மொதல்ல போயிட்டு வான்னாங்க. நான் ஏன் அங்க வரணும்?”



29 ஏப்ரல், திங்கள்

சபாபதி அங்கிளுக்கு இன்று ஹாஜிரா குத்தினாள். அங்கிள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன், கை வைக்கவில்லை. “குத்தியாச்சா?” என்று கேட்டார். குத்தி முடித்துப் பிளாஸ்டரும் ஒட்டியாகிவிட்டது.

கை கழுவிக்கொண்டே ஹாஜிரா கேட்டாள்: “அக்கா, அடுத்த மாசம் என்னைக் காலை ஷிஃப்ட்ல போடுறீங்களா?”

போட்டுவிட்டேன்.