மிஞ்சிய முயலைப் பற்றி மச்சானுக்கு

அன்பு மச்சான் தங்கவேலு,

மேலே உன்னை எந்தக் காம்பில் போட்டிருக்கிறார்கள்? ஏசி ஓடுகிறதா? பக்கத்துக் கட்டில்காரன் தமிழ் பேசுகிறவனா?

இங்கே பாலைவனத்து வஃப்ரா தோட்டத்தில் உன் கட்டிலுக்கு வங்காளத்துக்காரன் ரஃபீக் வந்திருக்கிறான். நல்ல மனுஷன்தான். வேலை முடிந்ததும் போனை எடுத்து ஊரோடு பேச உட்கார்ந்துவிடுவான். "கானா காயா?" என்பான். சாப்பிட்டேன் என்று தலையாட்டுவேன். அதோடு எங்கள் பேச்சு தீர்ந்தது. நம் ஆட்கள் இருக்கிற அப்பாசியா டவுனுக்குப் போனால் தமிழ் கேட்கும். ஆனால் யார் கூட்டிப் போகிறார்கள்? உன்னைப் பெட்டியில் வைத்துத் திருச்சி விமானத்தில் ஏற்றியபோது கூடவே வர லீவு கேட்டேன். வெள்ளரிக்காய் பறிக்கிற நேரம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தக் கடிதம் முயலைப் பற்றியது. உனக்குத் தெரிந்த கதைதான். வாசிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நம் அரபி முதலாளி கஃபீலின் பேரப்பிள்ளைகள் ஆசையாக வாங்கி, ஆசை தீர்ந்ததும் தோட்டத்தில் விட்டுப்போன கூண்டு முயல்கள் அவை. கொஞ்ச நாளில் தோட்டம் முழுக்க அவற்றின் ராஜ்ஜியமாகிவிட்டது. ஒட்டகத்துக்கு வளர்க்கிற ஜத் புல்லை நுனி நுனியாகக் கடித்தன. வரப்பைக் குடைந்தன. சொட்டுநீர்க் குழாயைக் கடித்துத் துண்டாக்கின. வெள்ளரி நாற்று வாடிக் கிடந்ததைப் பார்த்து நாம் இரண்டு பேரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோமே, மறந்திருக்க மாட்டாய். அதன் பிறகுதான் கஃபீல் உன் கையில் ஏர்கன்னைக் கொடுத்தார்.

உனக்கு அது சரியாக வந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாலையில் நான் ஒரு பக்கமிருந்து தகர டின்னைத் தட்டிக்கொண்டு வருவேன். முயல் உன் பக்கம் பாயும். நீ நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் கொடுப்பாய். ஓடுகிற முயல் சட்டென்று நின்று, எழுந்து உட்கார்ந்து, காதைத் தூக்கும். அந்த நொடியில் சுடுவாய். போர்மன் குல்கான் கத்தியோடு ஓடிவருவான், உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்தால்தான் அவனும் சாப்பிடலாம். பிறகு உன் மிளகு வறுவல். அவன் ரொட்டியோடு, நாம் சோற்றோடு.

"அது ஏன் மச்சான் நிக்குது? ஓடினா பொழச்சிக்குமே" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னா சத்தம்னு பாக்காம அதால போவ முடியாது மாப்ள. உன்ன மாதிரிதான். யாராச்சும் தமிழ்ல பேசினா நீ வண்டிய உட்டுட்டு நிக்க மாட்ட?"

சிரித்தோம். நீ ரொம்பச் சிரித்தாய்.

நீ போனதும் துப்பாக்கி கஃபீல் வீட்டுக்குப் போனது. இப்போது அவருடைய மருமகன் வெள்ளிக்கிழமைதோறும் ஜீப்பில் வந்து சுடுகிறார். ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டார். ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியது, ஒரு காது மடிந்த பழுப்பு முயல்.

மாலையில் ஜத் வயலுக்கு வால்வைத் திறந்துவிட்டு, தண்ணீர் கடைசிவரை போகிற மட்டும் அங்கேயே நிற்க வேண்டும். முன்பு அந்த நேரத்தில்தானே நாம் ஊர்க்கதை பேசுவோம்? பழக்கம் விடவில்லை. நான் பாட்டுக்கு உன்னிடம் பேசிக்கொண்டிருந்தேன், வாய்விட்டுத்தான். குல்கான் சுட்ட ரொட்டி செருப்பு மாதிரி இருந்தது, ரஃபீக் குறட்டை விடுகிறான், இப்படிப்பட்ட பெரிய பெரிய விஷயங்கள். உன்னிடம் பேசினேன், முயல் ஒட்டுக்கேட்டது. முதலில் வயலின் அந்தக் கோடியிலிருந்து. பிறகு நடுவரப்பில். பிறகு என் மண்வெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து புல்லை மென்றது. விரட்ட மனம் வரவில்லை. என் தமிழைக் கேட்க வேறு யார் இருந்தார்கள்?

அதை குல்கான் பார்த்துவிட்டான். அந்த வாரம்தான் வெள்ளரிக் கூடாரத்தில் மறுபடியும் குழாய் கடிபட்டு, ஒரு பாத்தி முழுக்கக் காய்ந்துபோயிருந்தது. அவன் மேல் தப்பு சொல்ல முடியாது.

"பாய், அது உன்கிட்ட வருது. வெள்ளிக்கிழமை நீ வழக்கம்போல நின்னு பேசு. மருமகன் பின்னாடி நிப்பார். கலாஸ், கதை முடிஞ்சிரும்" என்று இந்தியில் சொன்னான்.

அதாவது மச்சான், நீ நாக்கால் சொடுக்கியதை நான் உன்னோடு பேசிப் பேசியே செய்துவைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை மாலை அது வந்தது. "போ, எங்கயாவது போய்த் தொல" என்று கத்தினேன். நின்றது. தகர டின்னைத் தட்டினேன். எழுந்து உட்கார்ந்து காதைத் தூக்கியது. "நான் உங்கிட்ட பேசல, அவன்கிட்ட பேசறேன். அவனே செத்துட்டான், நீ ஏன் வந்து நிக்கிற" என்றேன். என் குரல் கேட்கக் கேட்க அது இன்னும் கிட்டே வந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு கல்லை எடுத்தேன்.

முதல் கல் படவில்லை. அடுத்தது தொடையில் பட்டது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே கம்பிவேலிக்கு அடியில் நுழைந்து பக்கத்துப் பேரீச்சந்தோப்புக்குள் ஓடியது. கையிலிருந்த மூன்றாவது கல்லைக் கீழே போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ சுட்ட எத்தனையோ முயலைக் காதைப் பிடித்துத் தூக்கி வந்தவன் நான், ஒருநாளும் இப்படி ஆனதில்லை.

வெள்ளிக்கிழமை மருமகன் வந்து எனக்குப் பின்னால் பம்புசெட் மறைவில் துப்பாக்கியோடு உட்கார்ந்தார். பேசு என்று குல்கான் சைகை காட்டினான். முயல் நேற்றைய அடியை மறந்திருந்தால் என்ன செய்வது? குல்கானுக்காகச் சும்மா எதையாவது உளறலாம் என்று பார்த்தேன், உளறவும் வரவில்லை. கடைசியில் அடக்கிவைத்திருந்த செய்தியைச் சொன்னேன்.

"மச்சான், ஒம் பொண்ணு நர்சிங் சேந்துட்டா. ஒம் வீட்ல தங்கச்சி போன் பண்ணி அழுவுது. நீ இருந்து பாத்திருக்கணும்டா."

சந்தோஷத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். வேலிப் பக்கம் ஒரு புல்கூட அசையவில்லை. வா வா என்று ஒரு மனசும் வந்துவிடாதே என்று ஒரு மனசுமாக நின்றேன்.

"அர்னப் மாஃபி" என்று மருமகன் எழுந்து மணலைத் தட்டிவிட்டார். முயல் இல்லை, அவ்வளவுதான். ஜீப் போய்விட்டது. குல்கான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வால்வை அவனே மூடினான்.

நேற்று மாலை வேலிக்கு அப்பால், தோப்புக்குள் அந்த மடிந்த காது தெரிந்தது. நொண்டல் குறைந்திருக்கிறது. நான் தொண்டையைச் செருமினேன், என்னை அறியாமல்தான். உடனே அது எழுந்து உட்கார்ந்து இந்தப் பக்கம் காதைத் தூக்கியது. கல்லடி பட்டும் புத்தி வரவில்லை பார். பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் வயலின் கடைசிக்குப் போகிறவரை வாய் திறக்காமல் நின்றேன்.

ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மச்சான். இனி ஜத் வயலில் உன்னோடு பேசமாட்டேன். பேசவேண்டியது சேர்ந்துகொண்டேதான் போகும், போகட்டும். லீவு கிடைத்ததும் உன்னைப் புதைத்த இடத்துக்கு வருகிறேன். அங்கே நான் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் யாருக்கும் ஆபத்தில்லை.

ரத்தத்தில் ஒட்டில்லாவிட்டாலும்
உன் மாப்பிள்ளையே ஆன
முருகேசன்