அப்பாவின் கல்லில் குறுக்குக் கோடுகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், அவருடைய முதுகுவலி எப்படி இருக்கிறது, தரையில் படுக்க வேண்டாம் என்று சொல். அப்பா கண்ணைப் பற்றி நீ போனில் தோண்டித் துருவிக் கேட்டாய், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் மழுப்பிவிட்டேன். நடுப்பார்வை போனது போனதுதான், இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓரப்பார்வை இருப்பதால் வீட்டுக்குள் நடமாடுகிறார், ஆனால் படிக்க முடியாது, மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. இதை எழுதும்போதே அழுகை வருகிறது, அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

ஊருக்கு வெளியே வட்டமாக நிற்கும் பாறை மேடுகள் விண்கல் விழுந்த தடம் என்று அப்பா காலேஜில் பாடம் எடுத்த காலத்திலிருந்து சொல்லி வருகிறார் அல்லவா. பள்ளம் எங்கே சார் என்று எல்லோரும் சிரித்தார்கள். கோடிக்கணக்கான வருஷத்து மழையும் காற்றும் பள்ளத்தை விளிம்போடு தின்றுவிட்டன, இப்போது வெளியே தெரிவது அதற்கு வெகு ஆழத்தில் அடிபட்ட பாறை என்பார் இவர். கூட வேலை பார்த்த நம் எரிமலை மாமாவோ, அதெல்லாம் அணைந்த எரிமலையின் அடிக்கட்டை என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்தப் பாறையின் குவார்ட்ஸ் துகளுக்குள் நெருக்கமாக, நேராக, இரண்டு திசையில் வெட்டிக்கொண்டு போகும் கோடுகள் இருந்தால் விண்கல்லேதான், எரிமலையால் அப்படிப் போட முடியாதாம். கோடு வளைந்தால் பூமி தானே நெருக்கிய சாதாரணக் கல்.

கல்லைக் காகிதம்போல் மெல்லிய சில்லுகளாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டி வாங்கி வந்து வைத்தார், அதற்குள் கண் போய்விட்டது. மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. முதல் இரண்டு சில்லிலும் வளைந்த கோடுதான். நேரா இருக்கா, நல்லாப் பாருடி என்று அவர் கேட்ட விதத்தில் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. இல்லீங்க, வளையுது என்றேன், முகம் வாடிப்போயிற்று. மூன்றாவதில் பார்த்தேனே! ரூல் போட்ட மாதிரி ஒரு வரிசை, அதை வெட்டிக்கொண்டு இன்னொரு வரிசை. இருக்குங்க, குறுக்கே போகுது என்று கத்தியே விட்டேன். அவர் சிரிக்கவில்லை, எனக்காகப் பொய் சொல்லாதே என்றார். வந்த கோபத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய் எரிமலை மாமாவைக் கையோடு கூட்டி வந்தேன், இவர் தோற்றால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் அவர்தானே.

மாமா பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கொடுத்த காபி ஏடு படிந்து ஆறிப்போயிற்று. கடைசியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எரிமலை இல்லப்பா, நான் சொன்னதுதான் தப்பு என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் படியிறங்கியதும் உன் அப்பா சொன்னதைக் கேள், என் கண்ணு போனது தெரிஞ்சு பாவம் பார்த்துச் சொல்லிட்டுப் போறானோ என்றார். யார் விட்டுக்கொடுத்தாலும் இரக்கமாகத்தான் படுகிறது அவருக்கு.

அதனால் அந்தச் சில்லைப் பஞ்சில் சுற்றி, சின்னப் பெட்டியில் வைத்து இதோடு அனுப்புகிறேன். உங்கள் காலேஜில் கல் பாடம் நடத்துகிறவர் யாரிடமாவது காட்டு. யார் கல், எந்த ஊர், எதையும் மூச்சு விடாதே. அவர் சொல்வதை அப்படியே அப்பாவுக்குப் போன் செய்து சொல், இல்லை என்றால் இல்லை என்றே சொல், நீயும் பாவம் பார்க்காதே. மறந்துபோய்க் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரியாதே, உன்னைத் தெரியாதா எனக்கு.

பெட்டியை மூடும் முன் அப்பா சில்லைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி ஓரக்கண்ணால் பார்த்தார். ஒன்றும் தெரிந்திருக்காது. எப்படி இருந்துச்சு, இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன். இந்தத் தடவை பொய் என்று சொல்லவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனநிறைவோடு இருக்க எங்கள் ஆசிகள்.

உன் அம்மா