பேசிக்கொண்டே நடக்க வேண்டும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவைப் பொய் சொல்ல வைத்தது நீதான்.

நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று உனக்குத் தோன்றும். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதே கட்டைவிரல்தான் வந்தது. காகிதத்துக்கு அதைக் காட்ட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா நடக்க வேண்டும், ஆனால் இப்போதைக்குத் தனியாக நடக்கக் கூடாது, பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் இருக்க வேண்டும். அதற்கென்றே நம் தெருக்கோடியில் இருக்கும் சமூகக் கூடத்தில் ஒரு வகுப்பு நடக்கிறது. வாசலில் "வாழ்க்கை முறை நோய்களுக்கான உடற்பயிற்சி" என்று போர்டு. அதைப் படித்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குளிர்கிடங்குக்கும் லாரிக்கும் இடையில் ஓடியதற்கு வாழ்க்கை முறை என்று பெயர் வைத்தவன் எவன்? உள்ளே ஐஸ், வெளியே வெயில், நடுவில் அப்பா. அவரா தேர்ந்தெடுத்தார்? அங்கே வருகிற எல்லோரும் அப்படித்தான். தையல் மெஷினை மிதித்தே கால் வீங்கிப்போன ஒரு அக்கா. ஆயுள் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றே வந்த ஒரு கண்டக்டர். உழைப்பு யாருக்கோ போனது, நோய் மட்டும் இவர்கள் சொந்தச் சம்பாத்தியமாம்.

ஆனால் வகுப்பைக் குறை சொல்ல மாட்டேன். நடத்துகிற பெண் என்னைவிடச் சின்னவள், இதற்கென்று படித்தவள். எல்லோரும் டீச்சர் என்கிறார்கள். ஒவ்வொருவர் விரலிலும் ஒரு கிளிப் மாட்டி நாடித்துடிப்பைப் பார்த்த பிறகுதான் நடக்கவே விடுவாள். தரையில் நீல டேப் ஒட்டி ஒரு வட்டம். அதன்மேல் நடக்க வேண்டும், நடந்துகொண்டே பேச வேண்டும். அதுதான் அவள் சட்டம். பேச்சு சீராக வந்தால் நெஞ்சு தாங்குகிறது என்று அர்த்தம். திக்கினால் நாற்காலியில் உட்கார வேண்டும். பாட்டே வந்தால் சோம்பேறித்தனமாக நடக்கிறாய் என்று அர்த்தம். கண்டக்டர் முதல் நாளே ஒரு காதல் பாட்டை எடுத்துவிட, "டூயட் பாடுற அளவுக்கு மூச்சு மிச்சம் இருக்கா? அப்ப வேகமா நடங்க" என்று விரட்டினாளாம்.

நம் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் வாயைத் திறந்து கேட்கமாட்டார், தட்டைத் தள்ளி வைப்பார். அவரை வைத்துக்கொண்டு டீச்சர் திண்டாடியிருக்கிறாள். "ஐயா, நீங்க பேசலைன்னா உங்க நெஞ்சு எனக்கு எப்படித் தெரியும்? உக்காந்துருங்க" என்று நாற்காலியைக் காட்டியிருக்கிறாள். எல்லோரும் நடக்கத் தான் மட்டும் உட்காருவது அவருக்கு ஆகாது. வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தார். உன்னைப் பற்றி.

"பெரியவன் நேத்துகூட போன் பண்ணான். உப்பைக் குறைங்கன்னு ஒரே சத்தம்." இப்படி. நீ ஞாயிறு தவறாமல் பேசுகிறாயாம். உன் மகள் உன் போனைப் பிடுங்கித் தாத்தா தாத்தா என்கிறாளாம். நடக்கிறதுக்குக் காலணி வாங்கி அனுப்பியதும் நீதானாம். ஒரு நாள் அவரைக் கூட்டிவர நான் போனபோது டீச்சர் சொல்லித்தான் எனக்கே தெரியும். "உங்க அண்ணன் மாதிரி ஒரு பிள்ளை போதும்ங்க" என்றாள். அந்தக் காலணியை வாங்க நான் அவரை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு எத்தனை கடை ஏறி இறங்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்றேன். வழியெல்லாம் அப்பா வண்டியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டு வந்தார்.

உன் கல்யாண வரவேற்பு ஞாபகம் இருக்கிறதா? அப்பா கிடங்கு மேனேஜர் என்று அண்ணி வீட்டில் சொல்லி வைத்திருந்தாய். உன் மாமனார் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும், உங்களுக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டார். அப்பா யோசிக்கக்கூட இல்லை. "எனக்குக் கீழ யாரும் இல்லைங்க. தலைக்கு மேல பெட்டிதான் இருக்கும்" என்றார். அன்றைக்கு நிறுத்தினாய் நீ அவரிடம் பேச்சை. உனக்காக ஒரு பொய் சொல்ல வராத மனுஷன் இன்றைக்கு வகுப்புக்கு வகுப்பு உனக்காகப் பொய் சொல்கிறார். உன் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொள். நான் அப்படி நினைக்கவில்லை. கேட்கிறவர்கள் இருக்கிற இடத்தில் அவருக்கு ஒரு மகன் கிடைக்கிறான், அவ்வளவுதான்.

போன வாரம் அது உடைந்தது. கண்டக்டர் பையனுக்கு நீ இருக்கிற ஊரில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. "தலைவரே, அடுத்த வகுப்புல உங்க பிள்ளையை ஸ்பீக்கர்ல போடுங்க. என் பையன் விஷயமா ரெண்டு வார்த்தை கேக்கணும்" என்றிருக்கிறார். அதோடு அப்பாவின் பேச்சு நின்றது. டீச்சர் உட்காரச் சொன்னாள். அவர் உட்காராமல் வேகத்தைக் கூட்டினார். சுவரைப் பிடித்தபடி சரிந்தவரைத் தையல்கார அக்காவும் கண்டக்டரும்தான் தாங்கிப் பிடித்தார்கள். சாயங்காலம் வரை முகத்தில் நிறமே இல்லை.

அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகமாட்டேன் என்கிறார். மொட்டைமாடியில் தனியாக நடக்கிறார், வாயை மூடிக்கொண்டு. நான் வேலைக்குப் போன நேரத்தில் அங்கே விழுந்தால் தூக்க ஆள் இல்லை. டீச்சர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள்: "பேசாம தனியா நடக்கிறது மருந்து இல்லைங்க, அது உயிரோட விளையாடுறது."

அண்ணா, நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவரும் கேட்கமாட்டார். செவ்வாய்க்கிழமை காலை வகுப்பு நேரத்தில் ஒருமுறை கூப்பிடு. கண்டக்டர் பையனைப் பற்றிப் பேசு, மழையைப் பற்றிப் பேசு, எதையாவது பேசு. அவர் சொன்னது ஒரே ஒரு நாளாவது உண்மையாகட்டும். அண்ணிக்கும் குழந்தைக்கும் என் அன்பு. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கை

அண்ணாவுக்கு,

என் கடிதம் உன் கைக்கு வந்துவிட்டது. உன் வீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கியதாகத் தபாலில் தகவல் சொல்கிறார்கள்.

உனக்கு எழுதியிருப்பதை அப்பாவிடம் சொன்னேன். "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று எரிந்து விழுந்தார். செவ்வாய்க்கிழமை நான் எழுந்து வந்தபோது காலணியைப் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக இருந்தார். அன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடவே போனேன்.

வட்டத்தில் கொஞ்ச தூரம் நடந்தார். பேச்சு வரவில்லை. டீச்சர் நாற்காலியை வட்டத்துக்கு நடுவில் போட்டு உட்கார வைத்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டார். சத்தத்தை முழுக்க ஏற்றித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினார். சுற்றி எல்லோரும் நடந்தார்கள். ஒருமுறை மணி அடித்தது. கடன் அட்டை வேண்டுமா என்று எவளோ கேட்டாள். அப்பா அவளிடம் "இல்லம்மா, வேண்டாம்மா" என்று பொறுமையாகச் சொல்லி வைத்தார். அவளை மாதிரியே போன் போட்டு விற்கிற ஓர் ஆபீஸில் உட்கார்ந்து ஊரார் வசவை நாள் முழுக்க வாங்குகிறவள் நான். இவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் போனை வைத்ததில்லை.

கண்டக்டருக்கு அப்போதே விளங்கிவிட்டது. பையன் விஷயத்தை எடுக்கவே இல்லை. "அங்க இப்ப ஆபீஸ் நேரமா இருக்கும் தலைவரே, மீட்டிங்ல மாட்டியிருப்பான்" என்றார். தையல்கார அக்காவும், ஆமாம், அந்த ஊரில் போனே சரியாகக் கிடைக்காதாம் என்றார். டீச்சர் தலையாட்டினாள். இதுவரை அப்பா மட்டும்தான் உனக்காகப் பொய் சொன்னார். இப்போது ஒரு கூடமே சொல்கிறது.

அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. வியாழக்கிழமையும் அப்படித்தான். சனிக்கிழமையும் அவர் நடக்காவிட்டால் அவர் இடத்துக்கு வேறு ஆளை எடுக்க வேண்டும் என்று டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வெளியே காத்திருப்பவர்களும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் காத்திருக்கிறார்கள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இடம் போனால் அப்புறம் மொட்டைமாடிதான்.

இதை இன்றைக்கே கூரியரில் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். சனிக்கிழமை காலை போன் அவர் மடியில்தான் இருக்கும். நான் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை, முதல் மணியிலேயே எடுப்பார்.

கூப்பிடு அண்ணா.

தங்கை